இரண்டாவது கையெழுத்து

ஜூன் 3, திங்கள்

மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருமல் மருந்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. ஆறு மாதமாக அலமாரியில் கிடந்தது. ஆன்லைனில் ஆங்கில வகுப்பு எடுக்கும் வின்சென்ட் சார், தினமும் எதையாவது எழுதிப் பழகினால்தான் மொழி கைக்கு வரும் என்றார். அவர் சொன்னது ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதுகிறேன். அவர் வந்து பார்க்கவா போகிறார்?

நான் தமயந்தி. சொந்த ஊர் அருப்புக்கோட்டை. கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். அயர்லாந்தில் வேலைக்குப் போக இரண்டு முறை ஆங்கிலப் பரீட்சை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டேன். மூன்றாவது பரீட்சை ஆகஸ்டில். அதற்குள், இந்த மாதம் முப்பதாம் தேதிக்கு முன்னால், ஏஜென்சிக்கு ஆஸ்பத்திரியின் அனுபவச் சான்றிதழ் போய்ச் சேர வேண்டும்.

வகுப்பு திங்கள், புதன், வெள்ளி, மாலை ஆறு மணிக்கு. எனக்கு ஈவினிங் ட்யூட்டி வந்தால் அந்த நேரம் வார்டில்தான் இருப்பேன். நல்லவேளை, கூட ட்யூட்டி ஜெபக்கனி அக்காவுக்கு. ஹாஸ்டலில் என் அறைத்தோழியும் அவர்தான். திருச்செந்தூர்ப் பக்கம். முப்பத்தாறு வயது, பதினோரு வருட சர்வீஸ். "நீ லினன் ரூமுக்குப் போயி கிளாஸ் கேளுட்டி. முக்கா மணி நேரம்தான, நான் பாத்துக்கிடுதேன்" என்று அனுப்பிவிடுவார். படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கும் சின்ன அறை அது. விரிப்பு மூட்டைமேல் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கிசுகிசுத்த குரலில் ஆங்கிலம் பேசுகிறேன்.

ஜூன் 5, புதன்

எழுத ஒன்றுமில்லை. வார்டில் ஒரு பேஷன்ட்டுக்கு முடியாமல் போய் ஐ.சி.யூவுக்கு மாற்றினார்கள். யூனிஃபார்ம் துவைக்கவில்லை. ஜெபா அக்கா சாப்பிடவில்லை.

ஜூன் 6, வியாழன்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் தடுமாறக்கூடாது.

ஐ.சி.யூவுக்குப் போனவர் பெயர் சென்னியப்பன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிட்னிக் கோளாறுக்காகச் சேர்ந்தவர், சர்க்கரை வியாதி கிடையாது. அவருக்கு இன்சுலின் போட்டுவிட்டார்கள். ஏழரை மணிக்குப் பார்த்தபோது உடம்பெல்லாம் வியர்த்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல் கிடந்தார்.

பதினாலாம் படுக்கைக்காரருக்குத்தான் இன்சுலின். சென்னியப்பன் பதினாறில் இருந்தார். பாத்ரூம் பக்கம் வேண்டும் என்று அவர் கேட்டதால் மூன்று மணிக்கு இரண்டு பேரையும் படுக்கை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். மருந்துப் பட்டியலில் படுக்கை எண் மாறவில்லை. ஜெபா அக்கா பட்டியலைப் பார்த்துப் பதினாலுக்குப் போட்டார்.

இன்சுலினுக்கு எப்போதும் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒருவர் ஊசியில் மருந்து ஏற்றுவார், இன்னொருவர் அளவையும் ஆளையும் பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போடுவார். சட்டம் அப்படி. இருபத்தெட்டு பேஷன்ட்டுக்கு இரண்டு நர்ஸ் இருக்கிற இடத்தில் சட்டம் எங்கே நடக்கிறது? ட்யூட்டிக்கு வந்தவுடனே இரண்டாவது கட்டத்தில் மேலிருந்து கீழாகச் சரசரவென்று கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவோம். எல்லா வார்டிலும் இதுதான் வழக்கம். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

அந்த நேரம் நான் வேறு ஒரு வேலையாக இருந்தேன்.

போனில் இடமே இல்லை. பழைய படங்கள், அழைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் உட்கார்ந்து அழித்தேன்.

ஜூன் 7, வெள்ளி

நர்சிங் சூப்பரின்டெண்ட் கோகிலவாணி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். நான் நின்றுகொண்டே இருந்தேன், அவர்தான் உட்காரச் சொன்னார். சென்னியப்பனின் மகன் புகார் கொடுத்திருக்கிறாராம். விசாரணை வைத்து ஒரு முடிவு எடுத்தே தீர வேண்டுமாம். என் சான்றிதழ் டைப் ஆகித் தன் மேசையில்தான் இருக்கிறது என்பதையும் நடுவில் சொன்னார். அதை எதற்கு இப்போது சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

"இதுல ரெண்டு பேரு மாட்டணும்னு ஒண்ணும் இல்லம்மா" என்றார். "அந்தக் கையெழுத்து உன்னோடதுதானா, ஜெபக்கனி உன்னையக் கூப்பிட்டாங்களா, இல்லையா. யோசிச்சு, நாளைக்கு எழுதிக் குடு."

யோசிக்க அவகாசம் கொடுத்தது நல்ல மனசு என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜெபா அக்கா இன்று மதியமே தன் ஸ்டேட்மென்ட்டைக் கொடுத்துவிட்டாராம். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் அவர் பெயரை மட்டும் எழுதச் சொல்வார்களா, என் பெயரையும் இழுத்துவிடச் சொல்வார்களா? அவரிடம் கேட்க வாய் வரவில்லை. பயமாக இருக்கிறது.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. புதன்கிழமை வீட்டுப்பாடம் பாக்கி இருக்கிறது.

ஜூன் 8, சனி

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு நகல் எனக்கு வைத்துக்கொண்டேன். ஒன்பது வரி. கையெழுத்து என்னுடையது போல் இல்லை என்றும், ஜெபக்கனி சிஸ்டர் என்னைக் கூப்பிடவில்லை என்றும், நான் மூன்றாம் படுக்கையில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன் என்றும்.

அவரும் என்னைப் பற்றி ஏதாவது எழுதித்தான் இருப்பார். யாராக இருந்தாலும் எழுதுவார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

அக்கா காலையில் சர்ச்சுக்குப் போய்வந்தார். வரும்போது எனக்கு மக்ரூன் வாங்கி வந்தார். என் யூனிஃபார்மையும் சேர்த்துத் தேய்த்து வைத்திருக்கிறார். வேண்டாம் என்றேன். "சும்மா கெடட்டி" என்றார்.

மக்ரூன் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. எறும்பு வருகிறது.

ஜூன் 11, செவ்வாய்

அக்காவை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அனுபவச் சான்றிதழ் கிடையாது. அதோடு நிற்கவில்லை. நர்சிங் கவுன்சிலுக்கும் எழுதப்போகிறார்களாம். அங்கே பதிவை ரத்து செய்துவிட்டால் பிறகு எந்த ஊரிலும் ஊசி பிடிக்க முடியாது.

பதினோரு வருடத்துச் சாமான் ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு கட்டைப்பை. மூன்று மணி பஸ். எனக்கு இரண்டு மணிக்கு ட்யூட்டி. ஹாஸ்டல் வாசல்வரை பையைத் தூக்கிப்போனேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, "பரிச்சைய விட்ராத. வாரேன்" என்றார்.

அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பையைத் தொட விட்டிருப்பாரா?

ஜூன் 12, புதன்

வகுப்பில் வின்சென்ட் சார் வீட்டுப்பாடம் கேட்டார். போன புதன் நடத்திய சொல்: டர்ன் அகெய்ன்ஸ்ட். அவர் சொன்ன விளக்கத்தை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருவர் பக்கம் நின்றவர் அவருக்கே எதிராகத் திரும்புவது. முதலில் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். ஆரம்பத்திலிருந்தே விரோதி என்றால் இந்தச் சொல் வராது.

அமைச்சர் தன் கட்சிக்கு எதிராகத் திரும்பினார் என்று ஒரு வாக்கியம் சொன்னேன். அது செய்தித்தாள் வாக்கியம், உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒன்று சொல்லுங்கள் என்றார். நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 15, சனி

ஹாஸ்டலில் என்னோடு பேச்சு நின்றுவிட்டது. நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்று எப்படியோ கசிந்திருக்கிறது. யாரும் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் வைத்திருக்கிறேன், கேட்கிறவர்தான் இல்லை. மெஸ்ஸில் நான் உட்கார்ந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவதில்லை, அவ்வளவு மோசமில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை சும்மா இருக்கிறார்கள். நான் கை கழுவப் போன பிறகு பேச்சு தொடங்குகிறது.

ட்யூட்டி மாறும்போது ஓவர் கொடுப்பது என்று உண்டு. போகிறவள் வருகிறவளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு படுக்கையாகப் போய், இவருக்கு இது, அவருக்கு அது என்று வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். நடுவில் சினிமா, புடவை, டாக்டர்களைப் பற்றிய கேலி எல்லாம் வரும். எனக்கு இப்போது நோட்டைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். எல்லாம் சரியாக எழுதியிருக்கிறது. குறை சொல்ல முடியாது.

அறையில் எதிர்க் கட்டில் வெறும் பலகையாகக் கிடக்கிறது. இரண்டு பேர் குளிக்க மல்லுக்கட்டிய பாத்ரூமில் நான் ஒருத்தி அரை மணி நேரம் குளிக்கிறேன். அழுகையாக வருகிறது.

ஜூன் 17, திங்கள்

சென்னியப்பன் பிழைத்துவிட்டார். வார்டுக்குத் திரும்பி நாலு நாள் இருந்து, இன்று வீட்டுக்குப் போனார். போகும்போது, "அந்தச் சிரிச்ச மொகத்துப் புள்ளயக் காணோமுங்களே, எங்கீங்க?" என்றார். ஜெபா அக்கா லீவில் போயிருக்கிறார் என்றேன். தன் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வேண்டுமாம், விலாசம் கேட்டார். தெரியாது என்று சொன்னேன். என் போனிலேயே இருக்கிறது.

ஜூன் 19, புதன்

மழை. காயப்போட்டது காயவில்லை.

ஜூன் 21, வெள்ளி

அக்கா போன் செய்தார். அண்ணன் வீட்டில் இருக்கிறாராம். பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் கேட்டிருக்கிறார், சான்றிதழ் இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஜூலை நான்காம் தேதி சென்னையில் கவுன்சில் விசாரணை. இதையெல்லாம் அடுத்த வீட்டுச் சமாச்சாரம் போலச் சொன்னார். பிறகு என் சான்றிதழ் வந்துவிட்டதா என்று கேட்டார். திங்கட்கிழமை தருவார்கள் என்றேன்.

அண்ணன் வீட்டுக் கோழி கத்துவது கேட்டது.

"நீ என்னட்டி எழுதிக் குடுத்த?"

எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினேன் என்றேன்.

"அது போதும். அப்படியே இருந்துக்கோ" என்றார்.

ஏன் அது போதும் என்று சொன்னார்? அந்தக் குரலில் கோபம் துளிகூட இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

ஜூன் 24, திங்கள்

ஹெச்.ஆர். அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் மீனலோசனி விசாரணை ஃபைலை என் பக்கம் தள்ளினார். புதன்கிழமை மாலை நாலு மணிக் கூரியரில் கவுன்சிலுக்குப் போகிறதாம். "பக்கத்துக்குப் பக்கம் ஓரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க சிஸ்டர். படிக்கோணும்னு இல்லைங்க" என்றார். சான்றிதழ் உறை பக்கத்திலேயே இருந்தது.

போடத்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது பக்கம் ஜெபா அக்காவின் கையெழுத்து. குண்டு குண்டாக, மருந்துப் பட்டியலில் ஆறு வருடம் பார்த்த எழுத்து. தேதி ஜூன் 7. என்னுடையதற்கு ஒரு நாள் முன்னால்.

அதில் இருந்தது இவ்வளவுதான். ஊசி போட்டது நான். இரண்டாவது கையெழுத்தையும் தமயந்தி சிஸ்டர் பெயரில் நானே போட்டேன். அவரை நான் கூப்பிடவில்லை. அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அடுத்த பக்கம் என்னுடையது. இரண்டையும் அடுத்தடுத்துக் கோத்திருக்கிறார்கள். கையெழுத்து என்னுடையது இல்லை, கூப்பிடவில்லை. வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போகிறது. தவறான ஊசி போட்டதற்கு எச்சரிக்கையோடு விடலாம் என்றும், இன்னொருவர் கையெழுத்தைப் போலியாகப் போட்டதற்கு மன்னிப்பில்லை என்றும் கடைசிப் பக்கத்தில் மேடம் எழுதியிருக்கிறார். ஜெபக்கனி ஒப்புக்கொண்டதை இன்னொரு சாட்சியும் உறுதி செய்திருக்கிறாராம். அந்தச் சாட்சி நான்.

மீனலோசனி கைப்பேசியில் யாரோடோ ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று பேசிக்கொண்டிருந்தார்.

நான் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். உறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

லீவு சொல்லிவிட்டேன். உறை தலையணை அடியில் இருக்கிறது.

ஆறாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். படுக்கை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். யாரோ மாதிரி. மாற்றிப் போட்டது நான். பதினாலிலிருந்து இருபத்தெட்டுவரை அன்று என் பக்கம். எண்ணைத் திருத்தாதது நான், அக்காவிடம் சொல்ல மறந்தது நான். அந்த இன்சுலின் நான் போட்டிருக்க வேண்டியது. நான் மூன்றாம் படுக்கையில் கட்டு மாற்றவில்லை, லினன் ரூமில் விரிப்பு மூட்டைமேல் இருந்தேன். இரண்டாவது கையெழுத்து என்னுடையது. இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் போட்டது.

அன்று அக்கா என்னைப் போனில் கூப்பிட்டார். பதினாலும் பதினாறும் தனக்குப் பழக்கமில்லாத ஆட்கள் என்பதால் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆறு இருபதுக்கு ஒரு முறை, உடனே மறுபடி, ஆறு இருபத்திரண்டுக்கு மறுபடி. மூன்று முறையும் திரையில் பெயரைப் பார்த்துக் கட் செய்தேன். ஒரே ஒரு முறை எடுத்திருந்தால், "பதினாலுல இப்ப இருக்கிறவருக்கு சுகர் இல்லக்கா" என்று சொல்லியிருப்பேன். அதற்குப் பத்து விநாடிகூட ஆகாது.

அப்போது வின்சென்ட் சார் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். டர்ன் அகெய்ன்ஸ்ட், ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்று.

அந்த மூன்று அழைப்பையும் அடுத்த நாளே போனிலிருந்து அழித்தேன். இடம் இல்லை என்பதற்காக இல்லை.

எல்லாவற்றையும் விட அசிங்கம் ஒன்று இருக்கிறது. அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருப்பார் என்று நான் நிச்சயமாக நம்பினேன். அவரோடு ஆறு வருடம் ஒரே அறையில் இருந்தும் அப்படி நினைத்தேன்.

வீட்டுப்பாடத்தை அனுப்பினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: என் தோழி எனக்காகப் பொய் சொல்லியிருந்தாள், அது தெரியாமல் நான் அவளுக்கு எதிராகத் திரும்பினேன். சார் உடனே பதில் போட்டார். மிகச் சரியான பயன்பாடு, நல்ல கற்பனை என்று பாராட்டி ஒரு கைதட்டல் படமும் போட்டிருந்தார்.

ஜூன் 26, புதன்

காலையில் புது ஸ்டேட்மென்ட் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. மூன்று நகல் எடுத்தேன். இரண்டரை மணிக்கு மேடத்தின் அறைக்குப் போய், அதையும் சான்றிதழ் உறையையும் மேசைமேல் வைத்தேன்.

படித்தார். திரும்பவும் படித்தார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "இது போச்சுன்னா ரெண்டு பேருக்கும் கஷ்டம்மா. அவங்களே உன்னையக் காப்பாத்தத்தான் எழுதியிருக்காங்க. அதையும் கெடுத்துக்கறியா?" என்றார். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. நேற்று முழுக்க அதையேதான் சாக்காக வைத்துப் படுத்துக்கிடந்தேன். ஃபைலில் சேர்த்து அனுப்புங்கள், சேர்க்காவிட்டால் நான் தனியாகக் கவுன்சிலுக்குப் பதிவுத் தபால் போடுவேன் என்றேன். நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டேன்.

முத்திரை குத்திக் கொடுத்தார். சான்றிதழ் உறையை இழுத்துத் தன் டிராயரில் போட்டுப் பூட்டினார். நாளை முதல் ட்யூட்டிக்கு வர வேண்டாம், விசாரணை முடியட்டும் என்றார்.

நாலு மணிக் கூரியர்க்காரர் போகும்வரை ஹெச்.ஆர். வாசலில் நின்றேன். ஃபைலில் என் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்து ஒட்டியதைப் பார்த்தேன். மீனலோசனி என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

அறைக்கு வந்து, புது ஸ்டேட்மென்ட்டையும் எட்டாம் தேதி எழுதிக் கொடுத்ததன் நகலையும் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டையும் பார்க்க வேண்டும். முதலில் எழுதியதை மறைத்து இரண்டாவதை மட்டும் அனுப்பினால் அது இன்னொரு பொய். ஐந்து நாற்பதுக்கு, அவர் பார்த்துவிட்டதற்கு நீல டிக் விழுந்தது.

அவர் இனி என்னோடு பேசாமலே போகலாம். கவுன்சிலில் அவர் பதிவு தப்பினால் போதும் என்று நினைக்கப் பார்க்கிறேன். போதவில்லை. அவர் என்னை ஏட்டி என்று கூப்பிட வேண்டும் என்றும் இருக்கிறது.

ஆறு மணிக்கு வகுப்பு லிங்க் வந்தது. திறக்கவில்லை. எதிர்க் கட்டில் பலகையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆறு இருபத்தைந்து. போன் அடிக்கிறது. திரையில் ஜெபா அக்கா. அடித்து அடித்து நின்றுவிட்டது. கை வரவில்லை.

மறுபடி அடித்து நின்றது.

மூன்றாவது முறையாக அடிக்கிறது. எடுக்கிறேன்.